மாசி வீதியும் எலியின் நீச்சல் தொட்டியும்: வாசகர் கேள்விகள்

போன இதழில், போகும் வழியை மூளை கற்றுக்கொள்ளும் விதத்தைக் கணினியில் செய்து பார்க்கும் ஆராய்ச்சி பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். வழக்கமாக இரண்டு கடிதம் வரும், இந்த முறை ஒரு கட்டு. பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் தொழிலும் ஊரும் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: சார், 22 வருடமாக ஆட்டோ ஓட்டுகிறேன். தினசரி சவாரிக்கு வண்டி தானாகப் போகும், நான் பாட்டுக்கு வீட்டுக் கடனை யோசித்துக்கொண்டிருப்பேன். ஆனால் தேரோட்டம் அன்று மாசி வீதியை அடைத்துவிட்டால், புது ஆள் போல ஒரு நிமிடம் திகைத்து நிற்கிறேன். 22 வருட அனுபவம் அந்த ஒரு நிமிடம் எங்கே போகிறது? (ஆட்டோ ஓட்டுநர், மதுரை)

பதில்: அண்ணே, உங்கள் தலைக்குள் ஒரு டிரைவர் இல்லை, குறைந்தது இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவருக்குத் தெரிந்ததெல்லாம் "இந்த முனை வந்தால் இடது" என்பது மட்டும்தான். இவருடைய இருப்பிடம் மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஸ்ட்ரையேட்டம். இன்னொருவர் ஊர் மொத்தத்தையும் படமாக வைத்திருப்பவர், அவர் இருப்பது மூளையின் இன்னொரு பகுதியான ஹிப்போகேம்பஸில்.

இது உருவகம் இல்லை, 1996-ல் பாக்கார்ட், மெக்காஃப் என்ற இருவர் எலியை வைத்துப் பிரித்தே காட்டினார்கள். கூட்டல் குறி வடிவத்தில் ஒரு பாதை. எலியைத் தினமும் ஒரே முனையிலிருந்து விடுவார்கள், தெற்கிலிருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள், தீனி மேற்கு முனையில், அதாவது இடது பக்கம். 8-ம் நாள் எலியை எதிர் முனையில், வடக்கில் விட்டார்கள். இப்போது இடது பக்கம் திரும்பினால் அது பழக்கத்தில் போகிறது, தீனி இருந்த இடத்துக்கே போனால் இடம் தெரிந்து போகிறது. 8-ம் நாள் பெரும்பாலான எலிகள் இடத்துக்குப் போயின. 16-ம் நாள் அதே சோதனையில் பெரும்பாலானவை பழக்கத்துக்கு மாறிவிட்டன. எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி: அந்த 16-ம் நாள் எலியின் ஸ்ட்ரையேட்டத்தை மருந்து கொடுத்துக் கொஞ்ச நேரம் மரக்க வைத்தால், எலி மறுபடி சரியான இடத்துக்குப் போகிறது! படம் அழியவில்லை, பழக்கம் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் பழக்க டிரைவர் கைவிட்டதும் பட டிரைவர் சட்டென்று வண்டியை வாங்கிக்கொள்ளலாமே, ஏன் ஒரு நிமிடம் ஆகிறது? இங்கேதான் கணினி மாடல்காரர்கள் மூன்றாவதாக ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். 1993-ல் பீட்டர் டயான் சொன்ன யோசனை இது. ஒவ்வொரு இடத்துக்கும் மூளை ஒரு பட்டியல் வைத்துக்கொள்கிறது: "இங்கிருந்து கிளம்பினால் இன்னும் சற்று நேரத்தில் நான் எங்கெங்கே இருக்க வாய்ப்பு அதிகம்?" தெற்கு மாசி வீதியில் கிழக்கே பார்த்து நுழைந்தால் சீக்கிரமே விளக்குத்தூண், அப்புறம் கீழ மாசி வீதி என்று ஓடி ஓடிப் பதிந்த பட்டியல். சவாரி நடுவில் "விளக்குத்தூண் வேண்டாம், தேரடி போங்க" என்றால் இந்தப் பட்டியல் உடனே உதவும், ஏனென்றால் சேரும் இடம்தான் மாறியது, தெரு மாறவில்லை. ஆனால் தெருவையே அடைத்துவிட்டால்? பட்டியல் முழுக்க அந்தத் தெரு திறந்திருப்பதாக நினைத்துத் தயாரானது, இப்போது அத்தனை வரியும் பொய். மனிதர்களை வைத்து 2017-ல் இதைச் சோதித்தபோதும் அதுதான் தெரிந்தது, பரிசு மாறினால் சுலபமாகச் சமாளித்தவர்கள் பாதை மாறியபோது தடுமாறினார்கள். நீங்கள் நிற்கும் அந்த ஒரு நிமிடம், பழைய பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஊரின் படத்தைப் பிரித்துத் தெருத் தெருவாக யோசிக்கும் நிமிடம் என்பது என் ஊகம். அனுபவம் எங்கேயும் போகவில்லை, அதுதான் அந்த நிமிடம் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது.

கேள்வி: 'மாடல், மாடல்' என்கிறீர்கள். நாலு சமன்பாட்டை எழுதிவிட்டு இதுதான் மூளை என்றால் எப்படி சார் ஒத்துக்கொள்வது? எலி கால்குலஸ் படித்திருக்கிறதா? (இயற்பியல் மாணவி, திருச்சி)

பதில்: பந்தைப் பிடிக்கிற பையனும்தான் கால்குலஸ் படிக்கவில்லை. இது குறுக்குப் பதில், நேர்ப் பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் மாடலுக்கு 'மாதிரி' என்கிறோம், 'போல' என்பதற்கும் அதே 'மாதிரி'தான். இந்தக் குழப்பம் ஒருவகையில் நல்லது. மாடல் என்பது "மூளை இந்த மாதிரி வேலை செய்தால் என்ன ஆகும்?" என்று ஓட்டிப் பார்ப்பது. ஓடாவிட்டால் இன்னும் நல்லது. ஓடாத ஒரு மாடலின் கதையையே சொல்கிறேன்.

1981-ல் ரிச்சர்ட் மாரிஸ் என்பவர் எலிக்கு ஒரு நீச்சல் தொட்டி வைத்தார். வட்டத் தொட்டி, பால் போலக் கலங்கிய தண்ணீர், அதற்குள் ஓரிடத்தில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு மேடை. எலிக்கு மேடை கண்ணுக்குத் தெரியாது, அறைச் சுவரில் இருப்பவை மட்டும் தெரியும். முதல் தடவை சுற்றிச் சுற்றி நீந்தித் தற்செயலாக மேடையில் கால் படும். சில தடவை ஆனதும், எங்கிருந்து விட்டாலும் நேராக அங்கே போய் ஏறி உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொள்ளும்.

இதைக் கணினியில் செய்ய வேண்டும் என்றால் முதலில் எலிக்கு "நான் இங்கே இருக்கிறேன்" என்று தெரிய வேண்டும். அதற்கு ஆள் இருக்கிறது: 1971-ல் லண்டனில் ஜான் ஓ'கீஃப், டோஸ்ட்ரோவ்ஸ்கியுடன் சேர்ந்து ஹிப்போகேம்பஸில் கண்டுபிடித்த பிளேஸ் செல்கள். அறையின் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு எலி வந்தால் மட்டும் துடிக்கும் நரம்பணுக்கள் இவை. இரண்டாவது, இந்த இடம் நல்ல இடமா என்று தெரிய வேண்டும். அதற்கு சட்டன், பார்ட்டோ என்ற இரு கணினிக்காரர்கள் 1980-களில் வளர்த்த ஒரு விதி. சுருக்கமாக: எதிர்பார்த்ததைவிட நல்லது நடந்தால், அதற்கு முந்தைய நொடிக்கு மதிப்பெண்ணை ஏற்று. வெளியூரில் தற்செயலாக ஒரு நல்ல பரோட்டாக் கடை மாட்டுகிறது. அடுத்த முறை கடை இருக்கும் தெருமுனையிலேயே நாக்கு ஊறும், அதற்கடுத்த முறை பேருந்திலிருந்து இறங்கும்போதே. மதிப்பு அப்படிப் பின்னால் ஊர்ந்து வருகிறது. டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள், எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இதே வித்தியாசத்தைத்தான் கிட்டத்தட்டச் சொல்கின்றன என்று ஷுல்ட்ஸ், டயான், மாண்டெக்யூ மூவரும் 1997-ல் எழுதினார்கள்.

இரண்டையும் சேர்த்து 2000-ல் டேவிட் ஃபாஸ்டர், மாரிஸ், டயான் ஒரு கணினி எலியை அந்தத் தொட்டியில் நீந்தவிட்டார்கள். உள்ளே இரண்டு பகுதி, ஒன்று மதிப்பெண் போடும், இன்னொன்று எந்தப் பக்கம் நீந்துவது என்று முடிவெடுக்கும். நன்றாகவே கற்றுக்கொண்டது. அப்புறம் மேடையைத் தினம் ஒரு இடத்துக்கு மாற்றினார்கள். நிஜ எலிக்குச் சில நாள் பழகினால் இது பெரிய விஷயமே இல்லை, அன்றைக்கு முதல் தடவை தேடும், இரண்டாவது தடவையே நேராகப் போய்விடும். கணினி எலியோ நேற்றைய இடத்தைச் சுற்றியே வந்தது. அதுவரை கற்ற மதிப்பெண்ணெல்லாம் அதற்கு இடைஞ்சல்.

இதைச் சரிசெய்ய அவர்கள் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருந்தது. எலி தன் உடம்பு எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் நகர்ந்தது என்ற கணக்கை வைத்து, தொட்டி முழுவதற்கும் குறுக்கு, நெடுக்கு என்று ஓர் அளவைத் தானே கற்றுக்கொள்ளும் பகுதி. அது வந்ததும் கணினி எலியும் இரண்டாவது தடவையே நேராகப் போனது. பாருங்கள், முதல் மாடல் மட்டும் ஜெயித்திருந்தால் "வெகுமதியும் இடமும் போதும்" என்று நம்பிக்கொண்டு இருந்திருப்போம். அது தோற்றதால்தான் எலிக்குள் இன்னொரு சரக்கு இருக்க வேண்டும் என்று எண்ணால் காட்ட முடிந்தது. ஐந்து வருடம் கழித்து, 2005-ல், நார்வேயின் ட்ரான்ட்ஹெய்மில் எட்வர்ட் மோசர், மே-பிரிட் மோசர் குழு ஹிப்போகேம்பஸுக்குப் பக்கத்திலேயே, என்டோரைனல் கார்டெக்ஸில், கிரிட் செல்களைக் கண்டுபிடித்தது. ஒரு பிளேஸ் செல் ஓரிடத்தில் துடிக்கிறது என்றால், ஒரு கிரிட் செல் தரை முழுக்கச் சீரான இடைவெளி விட்டு, தேன்கூட்டு அமைப்பில் புள்ளிக் கோலம் வைத்ததுபோலத் துடிக்கிறது. அளக்க ஒரு கருவி என்றால் இதைவிட அழகாக என்ன கேட்க முடியும்?

கேள்வி: சென்னையில் மகள் குடியிருக்கும் அடுக்குமாடியில் ஆறு பிளாக்கும் ஒரே அச்சு. மூன்று முறை வேறு யார் வீட்டுக் கதவையோ தட்டிவிட்டேன். மருமகன் சிரிக்கிறார். எனக்கு என்ன கோளாறு? (ஓய்வுபெற்ற ஆசிரியை, திருநெல்வேலி)

பதில்: கோளாறு கட்டடத்தில், டீச்சர். லண்டனில் எலிகளை வரிசையாக இருக்கும், அச்சு அசலாக ஒரே மாதிரியான நாலு அறைகளில் விட்டுப் பார்த்தார்கள் (2015). பல பிளேஸ் செல்கள் நாலு அறையிலும் ஒரே மூலையில் துடித்தன, அதாவது எலியின் மூளைக்கே எந்த அறை என்று சரியாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அடுத்த வருடம் வந்த ஆய்வில், அறைகள் இணையாக இல்லாமல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்த்து இருந்தபோது இந்தக் குழப்பம் போய்விட்டது, எலிகள் அறையைக் கற்றுக்கொள்வதும் சுலபமானது. மருமகனிடம் இதைக் காட்டுங்கள். வாசலில் நிற்கும்போது சூரியன் எந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம் என்று திசையைப் பிடித்து வைத்துக்கொண்டால் தட்டும் கதவு சரியாக இருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு கைபேசி விளையாட்டு மூலம் 38 நாடுகளில் கிட்டத்தட்ட 4 லட்சம் பேரைச் சோதித்த ஆய்வு 2022-ல் வந்தது. நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள், சராசரியாக, வழி கண்டுபிடிப்பதில் சற்றுத் தேவலை. கட்டம் கட்டமாகத் தெரு போட்ட நகரங்களில் வளர்ந்தவர்கள் கட்டமான இடத்தில் மட்டும் தேவலை. உங்கள் ஊர் அடுக்குமாடி மாதிரி இருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் ஒரு விஷயம், வெகுகாலம் பழகிய உங்கள் சொந்தத் தெருவிலேயே வழி தடுமாறினால் அது வேறு, அப்போது மருத்துவரைப் பாருங்கள். அல்சைமர் முதலில் கைவைக்கும் இடங்களில் இந்த என்டோரைனல் கார்டெக்ஸும் ஒன்று.

கேள்வி: இவ்வளவு நீந்திய எலிக்கு நோபல் பரிசில் பங்கு உண்டா? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: இல்லை. 2014 மருத்துவ நோபலில் பாதி ஓ'கீஃபுக்கு, மீதிப் பாதி மோசர் தம்பதிக்கு (அப்போது தம்பதி). எலிக்குத் தீனியோடு சரி.

கேள்வி: மேப் போட்டுக்கொண்டே வண்டி ஓட்டினால் மூளை துருப்பிடிக்கும் என்று வாட்ஸப்பில் வந்தது. நான் நாளெல்லாம் மேப் பார்த்துத்தான் பார்சல் கொடுக்கிறேன். பயமாக இருக்கிறது. (டெலிவரி ஊழியர், கோவை)

பதில்: பயப்படும் அளவுக்கு ஆதாரம் இல்லை தம்பி. லண்டனின் சோஹோ பகுதித் தெருக்களை 24 பேருக்கு நடத்திக் காட்டிவிட்டு, அடுத்த நாள் ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து அதே தெருக்களைப் படமாக ஓட்டினார்கள். சுயமாக வழி தேடியவர்களுக்குப் புதுத் தெரு வரும்போதெல்லாம் ஹிப்போகேம்பஸ் விழித்துக்கொண்டது, கருவி சொன்னபடி போனபோது அசையவில்லை. 2017-ல் வந்த ஆய்வு. இதிலிருந்து தெரிவது, மேப் சொல்லும்போது அந்தப் பகுதி சும்மா இருக்கிறது என்பது. சும்மா இருப்பது வேறு, துருப்பிடிப்பது வேறு. 2020-ல் இன்னோர் ஆய்வு, மூன்று வருட இடைவெளியில் மேப்பை அதிகம் நம்பியவர்களுக்கு இட நினைவு அதிகமாகக் குறைந்ததாகச் சொன்னது. ஆனால் மூன்று வருடம் கழித்து மறுபடி சோதித்தது 13 பேரை. 13 பேரை வைத்து நாட்டுக்கே மூளை போச்சு என்று ஃபார்வர்டு செய்வது அநியாயம்.

மறுபக்கம் உறுதியான செய்தி ஒன்று உண்டு. லண்டன் டாக்ஸி உரிமத்துக்கு சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். அதற்குப் படிக்கத் தொடங்கிய 79 பேரை எலினார் மெக்வயர் குழு தொடர்ந்து பார்த்தது, தேறிய 39 பேருக்கு மட்டும் ஹிப்போகேம்பஸின் பின்பகுதி வளர்ந்திருந்தது (2011). நான் செய்வதைச் சொல்கிறேன்: போகும்போது மேப், திரும்பும்போது அணைத்துவிடுவேன். இரண்டு முறை பெட்ரோல் வீண், மற்றபடி சுகம்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுக்குள்ளும் கிரிட் செல் தானாக முளைத்தது என்று படித்தேன். அப்படியானால் மூளையின் ரகசியம் முடிந்ததா? (மென்பொருள் ஊழியர், பெங்களூரு)

பதில்: 2018-ல் டீப்மைண்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தின் குழு அப்படி ஒரு முடிவை வெளியிட்டது. உடம்பு நகர்ந்த கணக்கை மட்டும் கொடுத்து "இப்போது எங்கே இருக்கிறாய்?" என்று கணினிக்குள் ஒரு செயற்கை நரம்பு வலைப்பின்னலைப் பழக்கினார்கள், உள்ளே கிரிட் செல் போன்ற துடிப்பு தெரிந்தது. எனக்கும் அன்றைக்குப் புல்லரித்தது. 2022-ல் ஷேஃபர், கோனா, ஈலா ஃபீட் மூவரும் 11,000-க்கும் மேற்பட்ட வலைப்பின்னல்களைப் பழக்கிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். இடத்தைக் கணக்குப் போட ஏறக்குறைய எல்லாமே கற்றுக்கொண்டன, கிரிட் மட்டும் மிகச் சிலவற்றில்தான் வந்தது, அதுவும் பழக்குகிறவர் சில குறிப்பிட்ட திருகுகளைக் குறிப்பிட்ட அளவில் வைத்தால்தான். அதாவது, தானாக முளைத்ததாகச் சொன்ன செடிக்கு விதையும் இவர்களே போட்டிருந்தார்கள்.

என் ஓட்டு பழைய பாணி மாடல்களுக்கு, அதாவது கையால் கட்டியவற்றுக்கு. திசை காட்டும் நரம்பணுக்கள் ஒரு வளையமாக இணைந்திருந்து, ஒரு துடிப்பு அந்த வளையத்தைச் சுற்றி நகர்ந்துகொண்டே இருக்கும் என்று 1990-களின் நடுவிலேயே காகிதத்தில் எழுதிவிட்டார்கள். 2015-ல் சீலிக், விவேக் ஜெயராமன் இருவரும் பழ ஈயின் மூளையைப் பார்த்தால், நிஜமாகவே வட்டமான ஓர் உறுப்பில், ஈ எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதற்கேற்ப ஒரு துடிப்பு நகர்கிறது! கிரிட் செல்களுக்கோ மாடல் சொன்ன வடிவம் உளுந்து வடை. வளையத்தை இன்னொரு வளையத்தின்மேல் சுற்றினால் வருமே, நடுவில் ஓட்டை உள்ள அதே வடிவம். ஒரே நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கிரிட் செல்களைப் பதிவுசெய்து கணக்குப் போட்டபோது, அவற்றின் துடிப்பெல்லாம் அந்த வடையின் பரப்பிலேயே நகர்வது 2022-ல் தெரிந்தது. கண்ணால் பார்க்கிற வடை இல்லை, கணக்கில் வருகிற வடை. ஆனால் முன்கூட்டியே சொல்லி, பிறகு கிடைத்த வடை.

கேள்வி: தூக்கத்திலும் ஸ்டியரிங் பிடிக்கிறேன் என்கிறாள் வீட்டுக்காரி. தூங்கும்போதும் மூளை ரோட்டைப் பார்க்கிறதா? (லாரி ஓட்டுநர், நாமக்கல்)

பதில்: உங்கள் கனவைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. எலி பார்க்கிறது. பகலில் ஓடியபோது சேர்ந்து துடித்த பிளேஸ் செல்கள் பிறகு தூங்கும்போதும் சேர்ந்து துடிப்பதை வில்சன், மெக்நாட்டன் இருவரும் 1994-ல் காட்டினார்கள். 2006-ல் வந்தது அதைவிட விசித்திரம்: எலி ஓடி முடித்து, தீனிக்குப் பக்கத்தில் சும்மா நிற்கும்போது, வந்த வழி மூளைக்குள் பின்னாலிருந்து முன்னால், பல மடங்கு வேகத்தில் ஓடுகிறது. கண்டவர்களில் ஒருவர் திருச்சி மாணவிக்குச் சொன்ன அதே டேவிட் ஃபாஸ்டர், கூட வில்சன். பின்னாலிருந்து எதற்கு? பரோட்டாக் கடைக் கணக்கை நினைத்துப் பாருங்கள். மதிப்பு ஒவ்வொரு பயணத்துக்கும் ஓர் அடிதான் பின்னால் நகரும், நூறு அடி வழிக்கு நூறு பயணம் ஆகிவிடும். கடை வாசலில் நின்றுகொண்டே வழியைத் தலைகீழாக ஒரு முறை ஓட்டினால் மதிப்பு ஒரே மூச்சில் வீடுவரை வந்துவிடும். வேலை இல்லாத நேரத்தில் பழைய பயணத்தை உள்ளுக்குள் ஓட்டிக் கற்கும் இந்த உத்தியை சட்டன் 1990 வாக்கிலேயே கணினிக்குச் சொல்லியிருந்தார். இது வெறும் அலங்காரமா என்ற சந்தேகமும் தீர்ந்தது. தூக்கத்தில் இந்த ஓட்டத்தோடு வரும் மின் அலைகளைக் கலைத்தபோது எலிகள் வழி கற்பதில் பின்தங்கின (2009). ஆகவே கையைத் தட்டிவிடாமல் தூங்கவிடச் சொல்லுங்கள். இருந்தாலும் ஸ்டியரிங் அவர் கழுத்தாக இருந்தால் நான் பொறுப்பில்லை.

கேள்வி: எங்கள் ஊர் உப்பளத்தில் மரம், கல் எதுவும் இல்லை. அங்கே எறும்பு எப்படி வீட்டுக்குப் போகும்? அடி எண்ணுமா? (ஏழாம் வகுப்பு, தூத்துக்குடி)

பதில்: இந்த வாரத்தின் சிறந்த கேள்வி உன்னுடையது. துனிசியா நாட்டு உப்பு நிலத்தில் ஓர் எறும்பு வகை இருக்கிறது, பெயர் கேட்டாகிளிஃபிஸ். கூட்டிலிருந்து தீனிக்குப் போனதும் அதைப் பிடித்து, கால்களில் பன்றி மயிரை ஒட்டிப் பொய்க்கால் வைத்துவிட்டார்கள். வேறு சில எறும்புகளுக்குக் கால்களின் நுனியை வெட்டிக் கட்டையாக்கினார்கள் (பாவம்தான்). 2006-ல் வந்த ஆய்வு. வீடு திரும்பும்போது பொய்க்கால் எறும்புகள் கூட்டைத் தாண்டி வெகுதூரம் போய்த் தேடின, கட்டைக்கால் எறும்புகள் பாதி வழி தாண்டியதும் நின்று "வீடு எங்கே?" என்று சுற்றின. எத்தனை எட்டு என்ற கணக்கு சரி, எட்டின் நீளம்தான் மாறிவிட்டது. திசைக்கு அவை வானத்து வெளிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

அப்புறம் அந்தப் பொய்க்காலோடேயே கூட்டிலிருந்து கிளம்பிப் போன எறும்புகள் என்ன ஆயின தெரியுமா? சரியான தூரத்தில் வந்து நின்றன.